தொட்டி காயவே மாட்டேங்குது

மண்ணு சரியில்லம்மா. நான் செடியைக் குறை சொல்லல, செடி பாவம், அதுக்கு என்ன வாயா இருக்கு. உங்க நர்சரி மண்ணுலதான் ஏதோ கோளாறு. காலைல ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தாலும் ஈரம், சாயங்காலம் பார்த்தாலும் ஈரம். ஊர்ல இருக்கிற வெயில் பூரா எங்க வீட்டு வாசல்லதான் விழுது. துணி போட்டா அரை மணி நேரத்துல காஞ்சு மொடமொடன்னு நிக்குது. இந்தத் தொட்டி மட்டும் காயவே மாட்டேங்குது. முதல்ல பனின்னு நினைச்சேன். வெயில் காலத்துல என்ன பனி?

நீங்க பையில மண்ணு அடைச்சுக்கிட்டே கேளுங்க, பரவாயில்ல. நிமிர்ந்து பார்க்கணும்னு நான் சொல்லல. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் நான். என்கிட்ட பேசினவங்க யாரும் என் மூஞ்சியைப் பார்த்ததில்ல, எல்லாரும் தலைக்கு மேல ஓடுற நம்பரைத்தான் பார்ப்பாங்க. பழகிடுச்சு. மொத்தம் ஏழு மாடி. ஒரு விஷயத்தை ஏழு மாடிக்குள்ள சொல்லி முடிச்சாகணும். மூணாவது மாடியில இறங்குறவங்களுக்கு எந்தக் கதையும் பாதிதான் கெடைக்கும். நாலாவது மாடியில ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தாங்க, பன்னெண்டு வருஷமா என் மச்சான் எனக்குச் செஞ்ச துரோகத்தோட முன்பாதியை மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பின்பாதி தெரியாமலே ரிட்டயர் ஆயிட்டாங்க.

அது கெடக்கட்டும். இந்தப் பையைப் பிடிச்சுக்கணுமா? குடுங்க. இப்படியா? சரி.

இதோ இந்தச் செடிதான். எட்டு மாசத்துக்கு முன்னாடி எம் பொண்ணு இங்கதான் வாங்கினா. கண்ணாடி போட்டிருப்பா, கையை ஆட்டி ஆட்டிப் பேசுவா... ஞாபகம் இருக்கா? நல்லது. அப்ப நான் வேற கடைச் செடியைக் கொண்டாந்து இங்க ஏமாத்துறேன்னு சொல்லமாட்டீங்க. என்னவோ அடினியம்னு பேரு சொன்னா. நான் அடி பெருத்த செடின்னு வச்சுக்கிட்டேன். அடி குடம் மாதிரி, மேல நாலு கொம்பு, உச்சியில பத்து இலை. 'அப்பா, இது அப்படியே நீங்கதான்'னா. அடி கனம், தலையில ஒண்ணுமில்ல, எனக்கு யாரும் வேண்டாம்னு முறைச்சுக்கிட்டு நிக்குமாம். பெத்த அப்பனைப் பேசுற பேச்சைப் பாருங்க. ஆனா ஒண்ணு, பூத்துச்சுன்னா அப்படி ஒரு ரோஸ் கலர். மூணு மாசம் முன்னாடி ஏழு பூ விட்டுச்சு. நானே எண்ணினேன்.

இப்ப பாருங்க. இலையெல்லாம் மஞ்சளாயி ஒவ்வொண்ணா உதிருது. அடியைத் தொட்டா பழுத்த பழம் மாதிரி அமுங்குது. தொட்டுப் பாருங்க... ஆங், அந்தப் பக்கம்தான்.

நான் காசு கேட்டு வரல. சண்டை போடவும் வரல. வேற ஒரு செடி குடுங்க, அது போதும். ஆனா இதே மாதிரி இருக்கணும். இடது பக்கம் ரெண்டு கொம்பு, வலது பக்கம் ரெண்டு, அதுல ஒண்ணு மட்டும் கோணல். அவ கண்டுபிடிக்கக் கூடாது. ஏன்னா வர்ற ஞாயித்துக்கிழமை அவ வர்றா. வெளியூர்ல வேலைக்குப் போய் எட்டு மாசத்துல இப்பதான் முதல் லீவு. போன்ல என்ன சொன்னா தெரியுமா? 'உங்க நாலு பேர் மூஞ்சியைப் பார்க்க நான் வரல. செடியைப் பார்க்க வர்றேன். அது செத்துப் போயிருந்தா அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன். அப்புறம் வரவே மாட்டேன்'னா. சொன்னா செய்வா. அந்தக் குணம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல.

நாலு பேர்னா நான், எம் பொண்டாட்டி, எம் பையன், மருமக. ஒரே வீடு. ஒரு சமையல். ஆனா பேச்சு கிடையாது. ஏன் கையை நிறுத்திட்டீங்க? மண்ணைப் போட்டு அடைங்க, நான் சொல்றேன்.

எல்லாம் ஒரு ஸ்டூலால வந்துச்சு. லிஃப்ட்ல நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலு. கம்பெனிக்காரன் புது லிஃப்ட் வச்சான், ஆளே வேண்டாம், வர்றவங்களே பட்டனை அமுக்கிக்கட்டும்னு. முப்பத்தொரு வருஷமா நான் ராக்கெட் விட்ட மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேன், கடைசில பார்த்தா பட்டனைத்தான் அமுக்கியிருக்கேன். போகும்போது அந்த ஸ்டூலைக் குடுத்தாங்க. கடிகாரம் குடுப்பாங்கன்னு சொல்லிவச்சிருந்தேன் வீட்டுல. ஸ்டூலோட போய் நின்னேன்.

சரி, வந்தது வந்துச்சுன்னு வாசல்ல போட்டு உட்கார்ந்தேன். மூணாவது நாள் எம் பொண்டாட்டி ஒரு ரோஜாத் தொட்டி வாங்கிட்டு வந்தா. பத்தாவது நாள் இன்னும் ஆறு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு புல்லு வச்சதில்லம்மா அவ. நான் வீட்டோட இருக்க ஆரம்பிச்ச உடனே திடீர்னு செடி மேல அப்படி ஒரு ஆசை. இன்னிக்கு வரைக்கும் எனக்குக் காரணம் புரியல. காலைல நான் வாயைத் திறந்தா, 'இருங்க, செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடுறேன்'னு எந்திரிச்சுப் போவா. ஏழு தொட்டிக்கு ரெண்டு மணி நேரம் ஊத்துவாளா ஒருத்தி? அப்புறம் மருமக ஒரு மல்லிகைக் கொடி வச்சா. பையன் செம்பருத்தி வச்சான். எல்லாருக்கும் நான் பேச ஆரம்பிக்கிற நேரத்துலதான் களை பிடுங்கணும்.

ஒரு நாள் முடி வெட்டிக்கிட்டு திரும்பி வர்றேன். அந்த முடி வெட்டுறவன் ஒரு பக்கம் கிருதாவை ஏத்தி வச்சிட்டான், அது தனிக் கதை, அவன் கடைப் பக்கம் நான் இப்ப போறதில்ல. வந்து பார்த்தா என் ஸ்டூலு மேல ரோஜாத் தொட்டி உட்கார்ந்திருக்கு. பச்சைப் பெயிண்ட் வேற அடிச்சிருக்காங்க. மருமக பெயிண்ட் அடிச்சாளாம், பையன் தொட்டியைத் தூக்கி வச்சானாம், பொண்டாட்டி நின்னு பார்த்தாளாம். 'ரோஜாவுக்கு அந்த உயரத்துலதான் வெயில் படுது'ங்கிறா. ரோஜாவுக்கு வெயில் பட, நான் தரையில உட்காரணும்.

அன்னிக்குச் சொன்னேன். 'என் ஸ்டூலு எனக்குத் திரும்பி வர்ற வரைக்கும் உங்க மூணு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.' சொன்னா சொன்னதுதான். என் தம்பி என் குடையைத் தொலைச்சிட்டான்னு பதினாறு வருஷம் பேசாம இருந்தவன் நான். அவன் புதுக் குடை வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னான். அதுவும் மழையில நின்னான், அந்தக் குடையை விரிக்காம. நான் வாங்கல. எனக்கு வேண்டியது அந்தப் பழைய குடை.

இவங்க ரெண்டு நாள்ல ஸ்டூலைத் தூக்கிட்டு வருவாங்கன்னு பார்த்தேன். வரல. அதுவுமில்லாம, எப்படிச் சொல்றது... வீட்டுல எல்லார் முகத்துலயும் ஒரு தெளிவு. மருமக பாட்டு முணுமுணுக்கிறா. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஆனா அந்தத் தெளிவு எத்தனை நாளைக்கு? மருமக ஒரு நாள் கத்திரியை எடுத்து ரோஜாவைக் கழிச்சு விட்டா. புதுத் துளிர் வரும்னு நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கா. எம் பொண்டாட்டி தூங்கி எந்திரிச்சு வந்து பார்த்துட்டு, பிள்ளைக்கு மொட்டை போட்ட மாதிரி கத்தினா. அதோட அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுது. பையன் அம்மாகிட்ட பேசினா பொண்டாட்டிக்குக் கோவம், பொண்டாட்டிகிட்ட பேசினா அம்மாவுக்குக் கோவம். அவன் பார்த்தான், காதுல ரெண்டு பக்கமும் வயரைச் சொருகிக்கிட்டான். அவனுக்கு ராத்திரி வேலை, மருமகளுக்குப் பகல் வேலை. வாசப்படியில ஒருத்தர் வெளிய, ஒருத்தர் உள்ள. மொத்த வீட்டுலயும் வாயுள்ளது எம் பொண்ணு மட்டும்தான். அவதான் எங்களுக்குத் தபால் ஆபீஸ். 'அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க', 'அப்பாவுக்குப் பசியில்லையாம்', 'அண்ணனுக்குச் சாவி வேணுமாம்'. ஒரு நாளைக்கு நூறு தபால் குடுப்பா. ஒரு நாள் உட்கார்ந்து அழுதா. அப்புறம் வெளியூர்ல வேலைன்னு கிளம்பிட்டா.

கிளம்புற அன்னிக்குத்தான் இந்தச் செடியை வாங்கிட்டு வந்தா. ரோஜாவைக் கீழ இறக்கி வச்சுட்டு இதைத் தூக்கி ஸ்டூலு மேல வச்சா. 'அப்பா, உங்க இடத்தை இது பிடிச்சு வச்சிருக்கும், பார்த்துக்குங்க'ன்னா. இப்ப ஸ்டூலு எனக்குத் திரும்பி வந்துச்சா வரலையா, அதுவே எனக்கு விளங்கல. எதுக்கும் பேசாமலே இருந்துட்டேன்.

அவ போனதும் வீடு செத்துப் போச்சும்மா. அப்புறம் எம் பொண்டாட்டிதான் ஒரு வழி கண்டுபிடிச்சா. ரோஜாகிட்ட பேச ஆரம்பிச்சா. நல்லா சத்தமா. 'ரோஜாவே, சாப்பாடு ஆறிப்போகுது, பசிக்கிறவங்க வந்து சாப்பிடலாம்'னு. நான் என்ன இளிச்சவாயனா, வாசல் ஓரத்துல தானா வளர்ந்த அரளிகிட்ட நான் பேசினேன். 'அரளியே, இன்னிக்குக் குழம்புல உப்பு போட மறந்துட்டாங்க போல.' மருமக மல்லிகைகிட்ட பேசுவா. பையன் செம்பருத்திகிட்ட பேசுவான், அவன் பேச்சு எப்பவும் ரெண்டே வார்த்தை, 'சாவி எங்க', 'லேட்டாகும்'. தெருவுல போறவங்க நின்னு பார்ப்பாங்க. என்ன குடும்பம்யா, செடியை எவ்வளவு பாசமா வளர்க்கிறாங்கன்னு. எதிர் வீட்டுக்காரர் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு, செடிகிட்ட பேசினா நல்லா பூக்குமாம். நான் சரின்னு தலையாட்டிவிட்டேன்.

சிரிக்காதீங்கம்மா. இதுலயும் ஒரு கஷ்டம் இருக்கு. நடந்ததைத்தான் செடிகிட்ட சொல்ல முடியும். முன்கூட்டி எதையும் கேட்டுக்க முடியாது. ஒரு நாள் கேஸ் தீர்ந்து போச்சு. மறுநாள் காலைல மூணு சிலிண்டர் வந்து வாசல்ல நிக்குது. எம் பொண்டாட்டி சொல்லியிருக்கா, மருமக சொல்லியிருக்கா, பையன் சொல்லியிருக்கான். நாலாவது சாயங்காலம் வந்துச்சு. அது நான் சொன்னது.

என்ன கேட்டீங்க? தண்ணியா? ஒரு சீட்டு எழுதி கொம்புல கட்டியிருந்தா. நாலு நாளைக்கு ஒரு டம்ளர். ஒரே ஆள் ஊத்தணும், ஊத்தினவங்க மத்தவங்ககிட்ட சொல்லிடணும். நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா இதெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சுடுவேன். ஒரு டம்ளர் ஊத்துறேன். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் ஊத்தினேன். இப்ப கொஞ்ச நாளா இலை வாடுதேன்னு தினமும் ஊத்துறேன். சொல்லலையான்னா... நான்தான் பேசுறதில்லையே. அரளிகிட்டயும் சொல்லல. சொன்னா எம் பொண்டாட்டி முந்திக்குவா. பொண்ணு போன் பண்ணும்போது எல்லார்கிட்டயும் தனித்தனியா பேசுவா. என்கிட்ட முதல் கேள்வியே, 'அப்பா, செடிக்கு யாரு தண்ணி ஊத்துறா?' நான்தாம்மான்னு சொல்லுவேன். அதை நான் மட்டும்தானே சொல்ல முடியும். அவளுக்கும் எனக்கும் இப்ப இருக்கிறது அந்த ஒரு பேச்சுதான். அதை எதுக்குப் பங்கு போடணும்?

வேற யாரு ஊத்தப் போறா. அவங்கவங்க செடி அவங்கவங்களுக்கு. இந்த ஸ்டூலுகிட்ட வந்தாலே எனக்கு எரிச்சல் மூட்டத்தான் வருவாங்க. எம் பொண்டாட்டி ஒரு சொம்பைக் கொண்டாந்து ஸ்டூலு காலடியில வச்சிட்டுப் போவா, நான் தடுக்கி விழணும்னு. பையன் வேலை முடிஞ்சு காலைல வருவான், தண்ணி பாட்டிலை அங்கதான் போடுவான், மூடியில்லாம. குப்பைத் தொட்டியா அது? மருமக ஒரு பூவாளி வச்சிருக்கா, பச்சையா, மூக்கு நீளமா. அதை மல்லிகைகிட்ட வைக்கலாமில்ல, இல்ல, என் செடிகிட்டதான் வைக்கணும். மூணும் காலியாத்தான் கெடக்கும். நான் ஒவ்வொண்ணா எடுத்து...

ஏம்மா இப்படிப் பார்க்கிறீங்க?

இருங்க.

சொம்பு. பாட்டில். பூவாளி.

என் டம்ளரு.

...இல்லம்மா. இருக்காது. அவங்களுக்கு இந்தச் செடி மேல என்ன அக்கறை. எம் பொண்டாட்டி போன வாரம் உதிர்ந்த இலையை எல்லாம் பொறுக்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. குப்பைக்குப் போடலையேன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மருமக முந்தாநாள் மல்லிகைகிட்ட, 'ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு'ன்னா. என்னைத்தான் குத்திக்காட்டுறான்னு நினைச்சு, 'அரளியே, எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு'ன்னு சொல்லிட்டேன். பையன்... அவன் ரெண்டு வார்த்தைக்காரன். நேத்து செம்பருத்திகிட்ட, 'ஞாயித்துக்கிழமை வர்றா'ன்னான். அவனுக்கும் போன் வந்திருக்கு. அவகிட்ட அவனும் சொல்லியிருப்பான், நான்தான் ஊத்துறேன்னு.

நாலு பேரும் சொல்லியிருக்கோம். நாலு பேருமே அவகிட்ட நான்தான்னு சொல்லியிருக்கோம். அதான் கடைசி தடவை போன்ல, 'நீங்களுமா'ன்னா, அதோட கட் ஆயிடுச்சு. லைன் சரியில்லன்னு நினைச்சேன்.

என்ன சொன்னீங்க? நீங்க அவளுக்கு முதல்ல ரோஜா எடுத்துக் காட்டினீங்களா? வேண்டாம்னாளா? அதிகத் தண்ணி தாங்காத செடியா கேட்டாளா? 'எங்க வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் கேட்காம இதை வளர்க்க முடியக் கூடாது'ன்னா? அப்படியேவா சொன்னா? பாருங்கம்மா. அப்பனுக்குப் பரீட்சை வச்சுட்டுப் போயிருக்கா. அஞ்சாங்கிளாஸோட நின்னவனுக்கு.

சரி. சரி, விடுங்க. வேற செடி எடுங்க. அதோ அந்த வரிசையில மூணாவது, கொம்பு கோணலா இருக்கே. ஏன்? விக்கறதுக்குத்தானே வச்சிருக்கீங்க? ...ஒரு வாரத்துல அதுவும் அழுகிடும்னா? எங்க வீட்டுக்கு விக்கமாட்டீங்களா? இது என்னம்மா நியாயம், கடைக்கு வந்தவனை...

என்ன பண்றீங்க? ஏன் பிடுங்குறீங்க? ஐயையோ, கத்தியை எதுக்கு... மெதுவா, மெதுவாம்மா. அதுக்கு வலிக்குமில்ல. அவ்வளவும் அழுகலா? இன்னும் உள்ள இருக்கா? வெள்ளையா வர்ற வரைக்கும் வெட்டணுமா? சரி, வெட்டுங்க. நான் அந்தப் பக்கம் பார்த்துக்கிறேன்.

...முடிஞ்சுதா? அடியில பாதி போயிடுச்சு. என்னை மாதிரின்னா, இப்ப பாதி அப்பன். பொழைக்குமா? பத்து நாளைக்கு நிழல்ல தலைகீழாக் கட்டித் தொங்கவிடணுமா? மண்ணு இல்லாம? ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாதா? ஞாயித்துக்கிழமை வந்து அவ பார்த்தா கொடியில துணி மாதிரி தொங்குமே. ...உயிர் இருக்கும்ங்கிறீங்க. பார்த்தா அவளுக்குப் புரியும்ங்கிறீங்க. அதுவரைக்கும் சரி.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இதை நான் கொண்டுபோய்க் கட்டிவிட்டு ஒரு காபி குடிக்க உள்ள போனேன்னு வைங்க. எம் பொண்டாட்டி பார்ப்பா. வேரோட தொங்குதே பாவம்னு ஒரு வாளித் தண்ணியில முக்கி வச்சிடுவா. அவ எடுத்தா, மருமக பூவாளியோட வருவா. அப்புறம் பையன். நாளைக்குக் காலைல செத்துடும். யாராவது அவங்ககிட்ட சொல்லணும்.

நீங்க சொல்லுங்களேன். நம்பர் தர்றேன். கை எல்லாம் மண்ணா இருக்கா? நான் காதுல வச்சுப் பிடிக்கிறேன். வேண்டாமா? ஒரு அட்டையில எழுதியாவது குடுங்க. சீட்டு ஏற்கெனவே கட்டியிருந்துச்சுங்கிறீங்களா... அதுவும் சரிதான். நாலு பேரும் படிச்சோம்.

அவங்ககிட்ட பேசி எட்டு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. என் தம்பிகிட்ட பதினாறு வருஷம் வீம்பு பிடிச்சவன் நான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவன் வீட்டுல அந்தப் புதுக் குடை இருந்துச்சு, பிரிக்காத கவரோட. யாருக்கும் குடுக்காம வச்சிருந்திருக்கான். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. லிஃப்ட்ல அந்தக் கதையை ஆறாவது மாடியோட நிறுத்திடுவேன்.

எங்க போறீங்க? அந்த வரிசைக்குத் தண்ணி விடணுமா? போங்க, போங்க. குழாயை நல்லா திருகி மூடுங்க.

...போயிட்டாங்க. எல்லாரும் இப்படித்தான். பாதியில இறங்கிடுவாங்க.

சரி. அரளியே, நீ இருக்கியா இங்க? இல்லையா. நீ என்ன செடி? எதுவா வேணா இரு, நான் சொல்லிப் பார்க்கிறேன், சரியா வருதான்னு பாரு. 'செடிக்கு யாரும் தண்ணி ஊத்தாதீங்க.' ரொம்ப அதிகாரமா இருக்கோ? 'நானும் ஊத்திக்கிட்டிருந்தேன்.' ம். இது பரவாயில்ல.

நம்பரைப் போட்டுட்டேன். மணி அடிக்குது. வாசல்ல இருப்பா, இந்த நேரத்துல ரோஜாகிட்டதான் இருப்பா...

எடுத்துட்டா.

அலோ. நான்தான். ...நான்தான் பேசுறேன். ஆமா. இந்தச் செடியை நர்சரிக்குக் கொண்டுவந்தேன். நாலு பேரும் தண்ணி ஊத்தியிருக்கோம், அழுகிப் போச்சு. இனிமே யாரும் ஊத்த வேண்டாம். நானும் ஊத்தல. பையன்கிட்ட சொல்லு. மருமககிட்டயும் சொல்லு, நீ வாயாலயே சொல்லு. கேக்குதா?

...அலோ?

யார்கிட்ட பேசுற? 'ரோஜாவே, யாரோ போன்ல பேசுறாங்க'ன்னா சொல்ற? 'சாப்பிட்டாங்களான்னு கேளு'ன்னா?

ரோஜாகிட்ட வேண்டாம்டி. என்கிட்டயே கேளு.